கொல்லிமலைக்குப் போனோம், ஷாக் அப்சர்பர் போனது!

எங்கள் ஈரோட்டில் மலை என்றால் ஊட்டி, அது இல்லாவிட்டால் ஏற்காடு. கூப்பிடு தூரத்தில் இருக்கிற கொல்லிமலையை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. "அங்க என்னங்க இருக்குது, எழுபது வளைவு இருக்குது!" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த எழுபது வளைவையும்தான் பார்த்துவிடுவோமே என்று எனக்கு வெகுநாள் ஆசை.

2024-ஆம் வருடம் தைப்பூசம் ஜனவரி 25, வியாழக்கிழமை வந்தது. மறுநாள் குடியரசு தினம். சனி, ஞாயிறும் சேர்ந்து நான்கு நாள் லீவு. பூசத்தை வீட்டில் கும்பிட்டு முடித்து, குழந்தைகள் இரண்டு பேரையும் மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கெல்லாம் என்னவரின் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டோம். "குழந்தைகளை விட்டுவிட்டா?" என்று புருவத்தைத் தூக்காதீர்கள். ஒரே வண்டியில் நாலு பேர் தொற்றிக்கொண்டு மலையேறும் குடும்பங்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பெரியவர்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு ஹெல்மெட், ஒரு பை. பையில் மாற்றுத் துணி, ஸ்வெட்டர், மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, ஒரு பிளாஸ்க். இந்தப் பையின் எடை பிறகு பெரிய வழக்காகப் போகிறது. அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்!

பள்ளிபாளையம் பாலத்தில் காவிரி மேல் பனி படிந்திருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் விசைத்தறிச் சத்தம். விடுமுறை என்ன, விடியற்காலை என்ன, தறிக்கு ஏது ஓய்வு? திருச்செங்கோட்டில் அர்த்தநாரீஸ்வரர் மலையைக் கீழே இருந்தே ஒரு கும்பிடு. சாலை ஓரமெல்லாம் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. இந்தியா முழுக்க ஆழ்குழாய்க் கிணறு தோண்டப் போகிறவை இவை. நாமக்கல்லில் லாரி, முட்டை, ஆஞ்சநேயர் மூன்றும் பிரசித்தம். 18 அடி உயர ஆஞ்சநேயர், மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவர் தலைமேல்தான். எதிரில் ஒற்றைப் பாறையாக நிற்கும் மலையையும் கோட்டையையும் பார்த்தபடி, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போய்ச் சேர்ந்தோம். அதுதான் அடிவாரம். நேரம் ஒன்பது ஆகிவிட்டது.

காரவள்ளியிலிருந்து வளைவுகளுக்கு எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டு என்று நான் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தேன். முதல் பத்துப் பதினைந்து வரைக்கும் வேடிக்கைதான். அப்புறம் காது அடைக்கிறது, காற்று குளிர்கிறது, கீழே வயல்கள் சீட்டித் துணி மாதிரி கட்டம் கட்டமாய்த் தெரிகின்றன. வளைவுக்கு வளைவு குரங்குகள் வேறு, பையையே பார்த்துக்கொண்டு!

நாற்பதைத் தாண்டியதும் எனக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. அதுவரை சாலையில் ஒரு மேடு வந்தால் வண்டி ஒரு தரம் அமுங்கி எழும், அவ்வளவுதான். இப்போதோ அமுங்கி, எழுந்து, மறுபடி அமுங்கி, மறுபடி எழுந்து... நின்றபாடில்லை. "என்னங்க, வண்டி ஆடுதே?" என்றேன். "ரோடு அப்படி" என்றார். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது சகோதரிகளே! பின்சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தான். பின்பக்க ஷாக் அப்சர்பரில் கோளாறு வந்தால் முதல் தகவல் நம் இடுப்புக்குத்தான் வரும்.

ஐம்பத்திரண்டாவது வளைவில் வண்டி திரும்பும்போது பின்பக்கம் துள்ளியது. துள்ளிய வேகத்தில் வண்டி தன் பாதையை விட்டு அகலமாய்ப் போய், எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டது. மேலே இருந்து இறங்கி வந்த பஸ்காரர், நல்ல மனிதர், நாங்கள் ஏறி வருவதைப் பார்த்து முன்பே நிறுத்திக் காத்திருந்தார். அவர் மட்டும் நிறுத்தாமல் வந்திருந்தால்... வேண்டாம், வீட்டில் இரண்டு குழந்தைகள். அந்த நினைப்பே இன்றைக்கும் தொண்டையை அடைக்கிறது.

ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். என் சுடிதாரின் இடது கால் ஓரத்தில் எண்ணெய்க் கறை. இடது பக்க ஷாக் அப்சர்பரின் தண்டிலிருந்து எண்ணெய் வழிந்து, புழுதி ஒட்டிக் கறுப்பாய் இறங்கியிருந்தது. 2022 தீபாவளிக்கு வாங்கிய வண்டி. பதினைந்து மாதம், 11,400 கிலோமீட்டர். ஒரு சர்வீஸ்கூடத் தவறியதில்லை, எல்லாம் வாங்கிய ஷோரூமிலேயே.

இந்த ஷாக் அப்சர்பர் என்பது என்னவென்று நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வீட்டில் ஸ்பிரிங் தொட்டில் கட்டியிருப்பீர்கள். குழந்தையைப் போட்டு ஒரு இழு இழுத்துவிட்டால், அது தானாக மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். வண்டியிலும் அதே ஸ்பிரிங்தான். ஆனால் வண்டி தொட்டில் மாதிரி ஆடக் கூடாதே! அதற்காக ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு குழாய் வைத்து அதில் எண்ணெய் அடைத்திருக்கிறார்கள். முறுக்கு அச்சில் மாவு சின்னத் துளை வழியாகப் பிதுங்குவதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது? அதே போல இந்த எண்ணெயும் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போய் வர வேண்டும். அந்த முரண்டுதான் ஆட்டத்தை அடக்குகிறது. குழாயின் வாயில் 'ஆயில் சீல்' என்று ஒரு வளையம். அது கெட்டால் எண்ணெய் வெளியே, வண்டி தொட்டில்! ஒழுகுகிற எண்ணெய் பின்சக்கரத்திலோ பிரேக்கிலோ பட்டால் அது இன்னும் பெரிய ஆபத்து.

மீதிப் பதினெட்டு வளைவையும் அவர் தனியாக, நடையை விடக் கொஞ்சம் வேகமாக ஓட்டிக்கொண்டு போனார். நான் அடுத்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, சோளக்காட்டில் இறங்கிக் காத்திருந்தேன். அங்கிருந்து செம்மேடு கொஞ்ச தூரம்தான். இரண்டு நாளைக்கு வண்டியை லாட்ஜ் வாசலில் நிறுத்தியாயிற்று.

வந்தது வந்தாயிற்று, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார முடியுமா? மலையைச் சுற்றிப் பார்க்கப் பஸ்ஸே போதும் என்பதை அந்த இரண்டு நாளில் கற்றுக்கொண்டோம். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஆண்ட மலை இது. ஆடி மாதம் அவன் பெயரில் அரசு விழாவும் நடக்கிறது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேல் படிகள்! இறங்கும்போது தெரியாது, ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். ஆனால் கீழே போய் நிமிர்ந்து பார்த்தால், பாறைச் சுவரின் உச்சியிலிருந்து அய்யாறு அப்படியே கொட்டுகிறது. சாரல் முகத்தில் அடிக்கும்போது ஷாக் அப்சர்பராவது ஒன்றாவது! மூட்டுவலி, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிப் பெண்களும் மேலே கோயிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏறி வருவதற்கு வேறு வழி கிடையாது.

ஏறி வந்த களைப்புக்கு அங்கேயே மருந்து விற்கிறார்கள். முடவாட்டுக்கால் கிழங்கு சூப்! கிழங்கு பார்ப்பதற்கு ரோமம் அடர்ந்த ஆட்டுக்கால் மாதிரியே இருக்கிறது. பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளருகிற ஒரு பெரணிச் செடியின் கிழங்கு அது. மேல் தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, நறுக்கி அரைத்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். மூட்டுவலிக்குக் கண்கண்ட மருந்து என்பது கடைக்கார அம்மாளின் வாக்கு. வலி போனதா என்றால், சொல்லத் தெரியவில்லை. ருசி மட்டும் ஆட்டுக்கால் சூப்பேதான், சைவக்காரர்கள் தைரியமாய்க் குடிக்கலாம்.

வீட்டு வாசல்களில் பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். காபிக் கொட்டையும்தான். சாமை, தினை, கேழ்வரகு இந்த மலையின் பழைய பயிர்கள். நடுவில் மரவள்ளி வந்து அவற்றை ஓரம் தள்ளியபோது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியத்தை மீட்கும் வேலையைச் செய்து வந்திருக்கிறது. சாமை குத்துவதற்கு மெஷின் வந்தது பெண்களுக்குப் பெரிய உபகாரம். முன்பெல்லாம் உரலில் குத்தித் தோள் இற்றுப்போகும் என்று ஒரு பாட்டி சொன்னார். கால் கிலோ மிளகும் இரண்டு கிலோ சாமையும் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தனியாக வண்டியில், நான் பஸ்ஸில். எழுபது வளைவும் பஸ்ஸில் இறங்குவது தனி அனுபவம். வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறையவும் சாப்பிடக் கூடாது. முன் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் பார்க்காமல் நேரே சாலையைப் பார்த்து வந்தால் குமட்டல் குறைகிறது. பக்கத்தில் மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருந்த மலைக்கார அக்கா ஒருத்தர், கேட்காமலே ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தார். கதையைச் சொன்னேன். "இந்த மலையில பைக்கு வாங்குறவன் கலரப் பாக்க மாட்டாங்கம்மா. பின்னால உக்காந்து அமுக்கித்தான் பாப்பான்" என்றார்.

சேந்தமங்கலத்தில் இறங்கி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டறையில் காத்திருந்தேன். அவர் வந்து சேர முக்கால் மணி நேரம். பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். வண்டியைப் பார்த்ததுமே சீட்டை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டார்.

"பாருங்க அம்மிணி. அமுக்கி உட்டா ஒருக்கா மேல வந்து நின்னுக்கோணும். இது தொட்டலாட்ட ஆடுது. எண்ணெய் பூராப் போயிருச்சு."

"இங்கயே மாத்திரலாமுங்களாண்ணா?" என்றேன்.

"மாத்தறதுக்கு அரை மணி நேரந்தானுங்க. வண்டி வாங்கி எத்தன நாளாச்சு?"

"பதினஞ்சு மாசமுங்க."

"அப்பறம் எதுக்குங்க நீங்க காசு குடுக்கறீங்க? கம்பெனிக்காரன் தரோணும். நான் இதுல ஒரு நட்டத் தொட்டாக்கூட 'வெளிய கை வெச்சுட்டாங்க'ன்னு எழுதிருவாங்க. இப்படியே கொண்டு போயி நிறுத்துங்க. அவுங்க கழட்டறதுக்கு முன்னாலயே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அப்பறம், ஒண்ணு போனா ரெண்டையும் மாத்திப் போடுங்க. ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா ஒரே மாதிரி நிக்காது."

பார்த்ததற்கு எவ்வளவு என்று கேட்டால், டீ சாப்பிட்டுப் போங்க என்கிறார். கையில் வந்த இரண்டாயிரம் ரூபாய் வேலையை வேண்டாம் என்று சொன்ன மனிதர்!

திங்கட்கிழமை, ஜனவரி 29. ஷோரூம். 'ஐந்து வருட வாரண்டி' என்று வாசலில் ஆளுயர பேனர் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு தம்பி வந்து குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். எல்லாம் ஐந்து நிமிஷம்கூட இல்லை. "ஆயில் சீல் போயிருக்கு சார். அது தேய்மானப் பொருள். வாரண்டியில வராது. ஒரு ஷாக் 2,180 ரூபாய், லேபர் தனி."

இவர் பர்ஸை எடுத்துவிட்டார்! ஆபீஸுக்கு வண்டி வேண்டும், காலையில் பையனைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். அவர் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த ஐம்பத்திரண்டாவது வளைவு என் கண்முன்னேயே நின்றது. "ஒரு நிமிஷம் இருங்க" என்றேன். "தம்பி, வாரண்டி கிடையாதுங்கறத ஜாப் கார்டுல எழுதிக் குடுத்துருங்க. என்ன காரணம்னும் எழுதிருங்க" என்றேன். தம்பி முகம் மாறிவிட்டது. வாயால் சொல்ல ஐந்து நிமிஷம் ஆன காரணத்தை எழுதச் சொன்னதும், உள்ளே போனவர் வெளியே வர இருபது நிமிஷம். கூடவே மேனேஜரும் வந்தார். இப்போது காரணம் இரண்டாகிவிட்டது. "மலையில ஓவர்லோடு ஏத்தியிருக்கீங்க மேடம்."

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். மிக்சி, குக்கர், கிரைண்டர், வண்டி என்று எல்லாவற்றின் பில்லும் ஒரே ஃபைலில் வைத்திருப்பது என் வழக்கம். வாரண்டி புத்தகம் பொடி எழுத்து. மாமியாரின் பூதக்கண்ணாடியை வாங்கிப் படித்தேன். வாரண்டியில் வராத பொருள்களின் பட்டியலில் பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், செயின், பல்பு, அப்புறம் 'ரப்பர் பாகங்கள், ஆயில் சீல்' இருந்தது. சொன்னது பொய்யில்லை போலிருக்கிறதே என்று இவர் சோர்ந்து போனார். ஆனால் ஷாக் அப்சர்பர் அந்தப் பட்டியலில் இல்லை.

மறுநாள் நானே ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுண்டருக்குப் போனேன். "இந்த வண்டி பின் ஷாக்குக்கு ஆயில் சீல் மட்டும் ஒண்ணு குடுங்க" என்றேன். "அது தனியா வராது மேடம், ஃபுல் ஷாக்தான் வரும்" என்றார் கவுண்டரில் இருந்த பெண். இதைத்தான் எதிர்பார்த்துப் போனேன்!

நம் வீட்டுக் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட் தேய்மானப் பொருள். அதற்கு வாரண்டி கேட்டு எவளும் சண்டை போடுவதில்லை. ஏன்? கடையில் தனியாக விற்கிறது, வாங்கி நாமே மாட்டிக்கொள்கிறோம். ஆனால் கேஸ்கெட்டை மூடிக்குள்ளேயே வைத்து அடைத்துவிட்டு, அது போனால் முழுக் குக்கரையும் வாங்கு, கேஸ்கெட் தேய்மானம்தானே என்றால் விடுவோமா? கழற்ற முடியாத, தனியாக விற்காத ஒரு வளையம் எப்படித் தேய்மானப் பொருளாகும்? அது ஷாக் அப்சர்பரின் உடம்பு. ஷாக் அப்சர்பருக்கு வாரண்டி உண்டு என்றால் அதற்கும் உண்டு. மேனேஜரிடம் இதைச் சொன்னதும் அவர் குக்கரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஓவர்லோடுக்குப் போய்விட்டார்.

அதற்கும் கணக்கு தயாராக இருந்தது. வண்டியின் கையேட்டில் அதிகபட்ச சுமை 150 கிலோ என்று போட்டிருக்கிறது. இவர் 71, நான் 58 (ஆமாம், பத்திரிகையில் எடையைச் சொல்லிவிட்டேன், என்ன செய்வது!), பை 5 கிலோ, ஹெல்மெட் இரண்டும் சேர்த்து இரண்டரை. ஆக மொத்தம் 136½ கிலோ. இரண்டு பேர் போகும்போது ஸ்பிரிங்கை எத்தனாவது பல்லில் வைக்க வேண்டுமென்று கையேடு சொல்கிறதோ, அந்தப் பல்லில்தான் இரண்டு பக்கமும் இருந்தது. அதற்கும் போட்டோ இருந்தது. இரண்டு பேர் உட்காரும் சீட்டை வைத்து வண்டி விற்றுவிட்டு, இரண்டு பேர் உட்கார்ந்தது குற்றம் என்றால், மற்றவர் நடந்து வர வேண்டுமா?

"கம்பெனிக்கு எழுதறோம் மேடம்" என்று சொல்லி அனுப்பினார்கள். பத்து நாள் ஆயிற்று. ஒரு பதிலும் இல்லை. வண்டி வாசலில் நிற்கிறது, மாதத் தவணை மட்டும் தவறாமல் வங்கியில் பிடித்துக்கொள்கிறார்கள். இவர் டவுன் பஸ்ஸில் போய் வந்தார், பையனை நான் நடத்தியே கூட்டிப் போனேன். "இரண்டாயிரத்துக்காக இவ்வளவா?" என்று இவர் ஒருநாள் கொஞ்சம் சலிப்பாகவே கேட்டுவிட்டார். எனக்கு முன்னால் மாமியார் முந்திக்கொண்டார். "ரெண்டாயிரம் அவ வெச்சிருக்கறாளா, நீ வெச்சிருக்கறயா? ரெண்டு பேரும் அந்த மலையில இருந்து உழுந்திருந்தா எனக்கு யாரு குடுப்பா?" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை.

1915 என்று ஒரு எண் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி மையம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிவு செய்து ஒரு எண் கொடுத்து, அந்த நிறுவனத்துக்கே அனுப்பிப் பதில் கேட்கிறார்கள். இது கோர்ட் அல்ல, தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் தெருமுனை ஷோரூமைத் தாண்டி, கம்பெனியின் காதில் விஷயம் விழுந்துவிடுகிறது. அதிலும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 1986-ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் வருடச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம். பிரச்னை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கும் ஒரு மனு எழுதி, ஜாப் கார்டு, பில், போட்டோ எல்லாம் நகல் எடுத்து உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

அந்த உறை பீரோவை விட்டு வெளியே வரவில்லை. பிப்ரவரி கடைசியில் கம்பெனியிலிருந்தே போன். ஷாக் அப்சர்பரை மாற்றித் தருகிறோம், 'குட்வில்' அடிப்படையில் என்றார் பேசியவர். அதாவது எங்கள் தப்பில்லை, போனால் போகிறதென்று தருகிறோம் என்று அர்த்தம். மார்ச் 2-ஆம் தேதி ஷோரூமுக்குப் போனால், ஜாப் கார்டிலும் அதே வார்த்தை! நான் கையெழுத்துப் போடவில்லை. தானம் வாங்க வரவில்லை தம்பி, வாரண்டியில் மாற்றியதாக எழுதுங்கள் என்றேன். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. கால் மணி நேரம் உள்ளே போன் பேசிவிட்டு வந்து, அடித்துத் திருத்தி எழுதினார்கள். இது வெறும் வீம்பு அல்ல. தானமாக வந்த பொருள் நாளைக்கு மறுபடி ஒழுகினால், எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

லேபர் 280 ரூபாய் என்று பில்லில் ஒரு வரி இருந்தது. வாரண்டி வேலைக்கு ஏது கூலி? அதையும் அடிக்கச் சொன்னேன். வலது பக்க ஷாக்கை மட்டும் தர மாட்டோம் என்று உறுதியாய்ச் சொல்லிவிட்டார்கள். அது ஒழுகவில்லை, அதற்கு வாரண்டியில் இடமில்லைதான். சேந்தமங்கலம் பெரியவர் சொன்னது காதில் ஒலித்ததால், 2,180 ரூபாய் கொடுத்து அதை நாங்களே வாங்கி, அங்கேயே இரண்டையும் சேர்த்துப் போடச் சொன்னோம்.

வண்டி வெளியே வந்ததும் சீட்டை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் பார்த்தேன். ஒருதரம் எழுந்து நின்றது. முதல் நாள் வாரண்டி கிடையாது என்ற தம்பிதான் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். "அடுத்த சர்வீஸ் எப்போ கொண்டு வர்றீங்க மேடம்?" என்று கேட்டார். "இன்னும் 600 கிலோமீட்டர் இருக்குது தம்பி, இங்கயேதான் வருவோம்" என்று சொல்லி, பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.